இங்கிலாந்தின் முதல் ரக்பி அணியில் யாரைப் பற்றிப் பேசலாம்?

காட்பாடி அப்பா:
வணக்கம். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ரக்பி ஆடுகிறாள். அடுத்த வாரம் பள்ளியில், இங்கிலாந்தின் முதல் அணியில் ஆடிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமாம். தேடினால் ஸ்கோர்தான் வருகிறது, ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் பி.டி. மாஸ்டர்:
சார், ஆல்ஃபிரட் ஹேமர்ஸ்லியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலாற்று மணலில் பிள்ளைகளுக்கு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) பழக்கும்போது நான் சொல்வது இவர் கதையைத்தான்.

பிறந்தது 1848. உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் நடந்தது. அதில் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று பந்துக்கு முட்டி மோதும் ஆட்டக்காரராக, இறங்கினார். ஒரு பக்கத்துக்கு 20 பேர்! எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அப்போது புள்ளி கிடையாது, கோலுக்கு உதைக்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து ஜெயித்தது. 1874 வரை ஹேமர்ஸ்லி ஆடியது நான்கே ஆட்டம், நான்கும் ஸ்காட்லாந்தோடு. கடைசியில் அவரே கேப்டன்.

சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வக்கீல் தொழில். அப்புறம் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார், அங்கிருந்து கனடாவின் வான்கூவர். இரண்டு இடத்திலும் ரக்பியை வேரூன்றச் செய்தவர்களில் இவரும் ஒருவர். ஊர் திரும்பி 1910-இல் எம்.பி. ஆனார். இறந்தது 1929-இல். என்னைக் கேட்டால், அந்த நான்கு ஆட்டத்தைவிட, போன ஊரிலெல்லாம் பிள்ளைகள் கையில் பந்தைக் கொடுத்தாரே, அதுதான் பெரிது. மகளை அதைப் பற்றியே அதிகம் பேசச் சொல்லுங்கள்.

ஆற்காட்டு வாசகி:
கல்கத்தா கோப்பையையும் ஒரு வரி சேர்க்கலாம் அண்ணா. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது, மிச்சப் பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கிச் செய்தது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன.

காட்பாடி அப்பா:
ரொம்ப நன்றி மாஸ்டர், நன்றி அம்மா. மகளும் ஃபார்வர்ட்தான், படித்ததும் குதிக்கிறாள். 20 பேரில் ஃபார்வர்ட் எத்தனை பேர் என்று கேட்கிறாள்.

குடியாத்தம் பி.டி. மாஸ்டர்:
அன்றைக்கு இங்கிலாந்து அணியில் 13 பேர். 1877-இல்தான் சர்வதேச ஆட்டம் பக்கத்துக்கு 15 பேர் என்று குறைந்தது. பாப்பாவுக்கு என் வாழ்த்து.