பால் ரிவியர் குதிரைச் சவாரி: பள்ளி நாடகத்துக்கு விவரம் சரிபார்க்கணும்

அஸ்தம்பட்டி வாத்தியார்:
வணக்கம்ங்க. ஒன்பதாம் வகுப்புப் பசங்க அமெரிக்கப் புரட்சிப் பாடத்தை வெச்சு 15 நிமிஷ நாடகம் போடறாங்க. காட்சி இதுதான்: பிரிட்டிஷ் பட்டாளம் வர்றதைக் குதிரையில போய் எச்சரிச்ச பாஸ்டன்காரர் பால் ரிவியர் ஆத்தங்கரையில நிக்கறார், சர்ச் கோபுரத்துல ரெண்டு விளக்கு தெரியுது, உடனே "பிரிட்டிஷ்காரன் வர்றான்"னு கத்திக்கிட்டே, புரட்சிக்காரங்க ஆயுதம் சேர்த்து வெச்சிருந்த கான்கார்டு ஊர் வரைக்கும் போறார். குதிரைக்குப் பொய்க்கால் குதிரைக் கூடு. எதெது தப்பு?

செவ்வாய்ப்பேட்டை:
முதல் தப்பு விளக்குலயே இருக்கு சார். அதைக் காட்ட ஏற்பாடு செஞ்சதே ரிவியர்தான், அப்புறம் அவர் ஏன் பார்த்துக்கிட்டு நிக்கணும்? பாஸ்டன்ல இருந்து யாரும் வெளியேற முடியாமப் போனாலும் எதிர்க்கரை சார்லஸ்டவுன்காரங்களுக்குச் சேதி போய்ச் சேரட்டும்னு வெச்ச மாற்று வழி அது. பிரிட்டிஷ் பட்டாளம் தரைவழியாப் போனா ஒரு விளக்கு, ஆறு தாண்டினா ரெண்டு. அந்தச் சர்ச் பணியாளர் ராபர்ட் நியூமன் கொஞ்ச நேரம் காட்டிட்டு இறங்கிட்டார். ரொம்ப நேரம் எரிஞ்சா பாஸ்டன்ல இருந்த பட்டாளத்துக்கும் தெரிஞ்சிடுமே.

1775 ஏப்ரல் 18 ராத்திரி ஆளை அனுப்பினது பாஸ்டன் புரட்சித் தலைவர் டாக்டர் ஜோசப் வாரன். வில்லியம் டாஸைத் தரைவழியா முன்னாடியே அனுப்பிட்டார், ரிவியரைப் படகுல. ஒருத்தர் மாட்டினாலும் இன்னொருத்தர் போய்ச் சேரணும்ங்கற கணக்கு. நாடகத்துல டாஸை விட்டா இந்தக் கணக்கே காணாமப் போயிடும்.

வசனமும் மாத்துங்க. அன்னிக்கு அந்த மக்களும் பிரிட்டிஷ் குடிகள்தானே! "பட்டாளம் கிளம்பிடுச்சு"ன்னா போதும். அதையும் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டித்தான் சொல்லணும், ரோந்து சுத்தற ரோட்டுல கூவிக்கிட்டுப் போக முடியாது.

ஏற்காடு மலையோரம்:
நேரக் கணக்கு: சார்லஸ்டவுன்ல இரவல் குதிரை ஏறினப்ப மணி சுமார் 11. கான்கார்டு போற வழியில இருக்கற லெக்சிங்டன் சேர்ந்தது நள்ளிரவு வாக்குல. நேர் வழியில ரோந்துக்காரங்க மடக்கப் பார்த்ததால மெட்ஃபோர்டு சுத்திப் போனார், மொத்தம் 20 கிலோமீட்டர் சொச்சம். நம்ம கணக்குல சேலத்துல கிளம்பி ஓமலூரைத் தாண்டற தூரம். பின்திரையில நம்ம கொண்டை ஊசி வளைவு மாதிரி மலையெல்லாம் வரைய வேண்டாம், அது மேடுபள்ளமான பண்ணை நிலம்தான்.

ரிவியர் கான்கார்டு போய்ச் சேரவே இல்லை. லெக்சிங்டன்ல தங்கியிருந்த புரட்சித் தலைவர்கள் ஜான் ஹான்காக்கையும் சாமுவேல் ஆடம்ஸையும் எச்சரிச்சுட்டு, அரை மணி பிந்தி வந்த டாஸோட கிளம்பினார். வழியில டாக்டர் சாமுவேல் பிரெஸ்காட் சேர்ந்துக்கிட்டார். லிங்கன்ங்கற ஊர்ல பிரிட்டிஷ் ரோந்து மடக்குச்சு. பிரெஸ்காட் கல்சுவரைத் தாண்டித் தப்பிச்சு, அவர்தான் கான்கார்டுக்குச் சேதி சொன்னது. டாஸ் தப்பினார், ஆனா குதிரையில இருந்து விழுந்துட்டார். ரிவியர் பிடிபட்டார். விட்டப்ப குதிரையைப் பறிச்சுக்கிட்டாங்க, லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார்.

சேதி கிடைச்ச ஊர்க்காரங்களும் தங்கள் பங்குக்கு ஆள் அனுப்பினாங்க, மணி அடிச்சாங்க, துப்பாக்கி வெடிச்சாங்க. விடியறப்ப சுமார் 700 பேர் கொண்ட பட்டாளத்தோட முன்னணி லெக்சிங்டன் வந்தா, அந்த ஊர்க் குடிப்படைத் தலைவர் கேப்டன் பார்க்கரோட ஆட்கள் 70 சொச்சம் பேர் நின்னாங்க. மணியடிக்கற பசங்க மேடைக்கு வெளியே நாலு மூலையில இருந்து ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா அடிக்கட்டும்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
பொண்ணுங்களும் நடிக்கறாங்க. சிபில் லூடிங்டன்னு 16 வயசுப் பொண்ணு சவாரி போனதாப் படிச்சேன், சேர்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை:
வேண்டாம்ங்க. அது 1777ல நடந்ததாச் சொல்ற தனிக்கதை. நூறு வருஷம் கழிச்சுத்தான் அச்சுலயே வந்தது, அந்தக் காலத்துச் சான்று இல்லை. ரிவியர் வேஷத்தையே ஒரு பொண்ணுக்குக் குடுங்க.

இன்னொண்ணு. மாசசூசெட்ஸ்லயும் ஒரு சேலம் இருக்கில்ல, 1775 பிப்ரவரி 26ல புரட்சிக்காரங்க பீரங்கியைப் பறிக்க பிரிட்டிஷ் கர்னல் லெஸ்லி படையோட அங்கே போனார். படை கரையிறங்கின மார்பிள்ஹெட்ல இருந்து சேதி முந்திக்கிச்சு, ஊரார் தூக்குப்பாலத்தைத் தூக்கிட்டாங்க. பீரங்கியை அதுக்குள்ள அப்புறப்படுத்தியாச்சு. கடைசியில ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுப் பாலத்தை இறக்க, 150 மீட்டர் போல நடந்துட்டுப் படை திரும்பிடுச்சு. மேடைக்கு அதுதான் சுலபம்னு எனக்குப் படுது, குதிரையே வேண்டாம்.

ஏற்காடு மலையோரம்:
குதிரைதான்னா, மரக்கால் கட்டாதீங்க, கூடு மட்டும் போதும். ரிவியரோட கூட்டை மட்டும் இழுத்தா அவிழற முடிச்சாத் தோள்ல கட்டுங்க, இல்லேன்னா ரோந்துக்காரன் குதிரையைப் பறிக்கற இடத்துல பையனும் சேர்ந்து வருவான்.