உதவி: ஜிபிஎஸ் காட்டுற இடத்துல பார் (கடலடிக் கல்லு) இல்ல

சாளைவலை: பார் பாயிண்ட் (அது இருக்குற இடத்தோட எண்) ஒண்ணு வாங்கி ஜிபிஎஸ்ல ஏத்தினேன். ரெண்டு தடவை போயாச்சு, கல்லே தட்டுப்படல. மிஷின் கெட்டுப் போச்சா? நாளைக்குக் கடலுக்குப் போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

வாடைக்காத்து: எந்த ஊர்? எந்த மாடல்? எக்கோ (ஆழம் காட்டுற மிஷின்) எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி) காட்டுது?

தெர்மாகோல்: ஆன்டெனாதான். தகரக் கூரைக்கு அடியில இருந்தா இப்படித்தான் வரும். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ போகுதான்னும் பாருங்க.

மாலுமி_78: ஆன்டெனா போனா சிக்னல் விட்டு விட்டு வரும், இடம் தாவும். ரெண்டு தடவையும் ஒரே இடத்துக்குத்தானே கொண்டுபோய் விட்டிருக்கு? அப்போ மிஷின் நல்லாத்தான் இருக்கு, ஏத்தின எண்தான் தப்பு. இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுறது? பழைய இழையைத் தேடிப் படிச்சிட்டு வாங்க.

சாளைவலை: தூத்துக்குடி, ஃபைபர் வள்ளம். 12 பாகம், சேறு. பார் 10 பாகம்னு சொன்னாங்க.

வாடைக்காத்து: முழு எண்ணையும் இங்க போடாதீங்க, இடம் ஊருக்கே தெரிஞ்சிரும். டிகிரியை விட்டுட்டு, நிமிஷமும் அதுக்கு அப்புறம் உள்ளதும் மட்டும் சொல்லுங்க.

சாளைவலை: 41 50, 24 36. அப்படியே 41.50, 24.36னு போட்டேன்.

கரைவிளக்கு: இன்காய்ஸ் (மத்திய அரசோட கடல் தகவல் மையம்) தர்ற மீன்வள அறிவிப்பு பாயிண்டுக்குப் போங்க. பாருக்கு ஏன் அலையணும்?

மாலுமி_78: அது கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வச்சுச் சொல்றது. சாளை, சூரை மாதிரி கூட்டமா ஓடுற மீனுக்கு. கலவாவும் விளமீனும் கல்லை விட்டு நகராது.

கரைவிளக்கு: எல்லாருமே கலவாவுக்கா போறாங்க?

மாலுமி_78: இவர் கேட்டது பார்.

வாடைக்காத்து: சண்டையை விடுங்க. சாளைவலை அண்ணே, உங்களுக்குக் கொடுத்தது நிமிஷம், விநாடி. மிஷின் கேக்குறது நிமிஷமும் அதோட தசமமும். விநாடியை 60ஆல வகுக்கணும்: 50 விநாடி .833, 36 விநாடி .600. ஒரு நிமிஷ அட்சரேகை 1852 மீட்டர். நீங்க போட்டதுல வடக்கே 617 மீட்டர், கிழக்கே 440 மீட்டர் குறையுது. மொத்தம் முக்கால் கிலோமீட்டர். கல்லு எப்படித் தட்டும்?

யார் கொடுத்த பட்டியலா இருந்தாலும் கடைசி எண்களை வரிசையா பாருங்க. ஒண்ணாவது 60ஐத் தாண்டினா அது தசமம். எதுவுமே தாண்டலன்னா பெரும்பாலும் விநாடி. இன்காய்ஸ் பட்டியல்லயும் விநாடிதான் இருக்கும், அதையும் மாத்தித்தான் போடணும். செட்டிங்ல டேட்டம் (இடத்தைக் கணக்குப் போடுற அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84ஆ இருக்கணும். வேற இருந்தா சில நூறு மீட்டர் தள்ளிரும்.

தெர்மாகோல்: இருந்தாலும் ஆன்டெனாவை ஒரு தடவை பாத்துருங்க.

சாளைவலை: 41.833, 24.600 போட்டுப் போனோம். 10 பாகம், கல்லு. நன்றி அண்ணாச்சி.

வாடைக்காத்து: பார் மேல நிக்கும்போதே மார்க் அடிச்சு வச்சீங்களா? நங்கூரம் போட்டப்புறம் அடிச்சிருந்தா நீவாடு (கடல் நீரோட்டம்) வள்ளத்தைக் கயிறு நீளத்துக்குத் தள்ளியிருக்கும், சின்னக் கல்லு தப்பிரும்.