மீட்டரில் 4 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் அசையவில்லை: ஒன்பதாம் வகுப்புக்கு சோலார் நடத்துவது எப்படி?

கரும்பலகை_ஓரம்:

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்து புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பாடம். புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்தினால் ஒரு பீரியடில் முடிந்துவிடும். நிலக்கரி தீர்ந்துபோகும், சூரியன் தீராது, காற்றாலைப் படம் வரைந்து பாகங்களைக் குறி, அவ்வளவுதான். பிள்ளைகளும் சமர்த்தாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் தோண்டிக் கேட்டால் பாதிப் பேர் "வெயிலில் தகடு சூடாகும், அந்தச் சூட்டிலிருந்து கரண்ட் வரும்" என்றுதான் நினைக்கிறார்கள்.

கையில் இருப்பவை: சில சின்ன 5 வோல்ட் சோலார் பேனல்கள், பொம்மை மோட்டார்கள், எல்.இ.டி.கள், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். வகுப்பறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பேனலை மீட்டரோடு இணைத்தால் 4 வோல்ட் காட்டுகிறது. மோட்டாரை இணைத்தால் அசையவே இல்லை. ஒருத்தன் "மீட்டர் பொய் சொல்லுது சார்" என்கிறான், இன்னொருத்தி "பேனல் டூப்ளிகேட்" என்கிறாள். விடை எனக்குத் தெரியும், அதைப் பதினாலு வயதுக்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் கேள்வி. அப்படியே இதை வைத்து இரண்டு வாரத்துக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்றும் சொல்லுங்கள். தயவுசெய்து சுவரொட்டிப் போட்டி, வாசகப் போட்டி மட்டும் வேண்டாம்.

ஓம்_விதி:

சார், உங்களுக்குப் பாடம் தானாகவே மாட்டியிருக்கிறது, விட்டுவிடாதீர்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒன்று செய்யுங்கள். மீட்டரைப் பேனலிலேயே விட்டுவிட்டு, அதே முனைகளில் மோட்டாரையும் இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை 4 காட்டிய மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். மோட்டாரைக் கழற்றினால் மறுபடியும் 4. பிள்ளைகள் இதை நாலைந்து தடவை தாங்களாகவே செய்து பார்ப்பார்கள், தடுக்காதீர்கள். அப்புறம் எதையும் கழற்றாமல் எல்லாவற்றையும் அப்படியே வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வோல்ட்டும் எழும், மோட்டாரும் சுற்றும்.

காரணம் இதுதான். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 4 வோல்ட்டுக்கு அது இழுப்பது அரை மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை, அந்த அளவை விளக்கொளியே கொடுத்துவிடும். மோட்டார் கேட்பது பல பத்து மில்லி ஆம்பியர். குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் இருக்கத்தான் செய்யும், திறந்தால்தானே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரியும். நல்ல வெளிச்சமுள்ள வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். நம் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. பேனலின் மின்னோட்டம் ஒளிக்கு நேர்விகிதம், அதனால் அறைக்குள் அது சில நூறு மடங்கு குறைந்துவிடுகிறது. மின்னழுத்தமோ ஒளி குறையக் குறைய மெதுவாகத்தான் இறங்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் அதனிடம் பாதிக் கேள்விதான் கேட்டோம்.

ஒரு எச்சரிக்கை. சில சாதா பொம்மை மோட்டார்கள் சுற்றத் தொடங்கவே நிறைய மின்னோட்டம் கேட்கும், வெயிலிலும் அடம்பிடிக்கும். அப்படியானால் இரண்டு பேனல்களைப் பக்க இணைப்பில் போடுங்கள், மின்னோட்டம் கூடும். ஏன் தொடரிணைப்பில் போடவில்லை என்று யாராவது கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி.

அடுத்த நாள் சாய்வுக் கோணம். பேனலின் ஓரத்தில் ஒரு குச்சியைப் பேனல் பரப்புக்குச் செங்குத்தாக ஒட்டுங்கள். குச்சியின் நிழல் மறையும்போது பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் மின்னோட்டத்தைக் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். 60 டிகிரியில் ஏறத்தாழ பாதிக்கு வந்து நிற்கும். கணக்கு வாத்தியார் நடத்திய கொசைன் இங்கே எதற்கு வந்தது என்று முழிப்பார்கள். 90 டிகிரியிலும் முழுப் பூஜ்யம் வராது, ஏனென்றால் வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே கேட்கட்டும்.

சுழலி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் வேறு இடத்தில் தொடங்குவேன். சோலார் பேனல் ஒரு கறுப்புப் பெட்டி மாதிரி. ஒளி விழுகிறது, மின்சாரம் வருகிறது, நடுவில் எதுவும் அசைவதில்லை. அணை, காற்றாலை, அனல்மின் நிலையம், அணுமின் நிலையம், புவிவெப்ப நிலையம் எல்லாமே கடைசியில் ஒரு மின்னாக்கியைத்தான் சுற்றுகின்றன. எதை வைத்துச் சுற்றுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே முதலில் ஒரு கைச்சுழல் டைனமோவைக் கொடுங்கள் (அந்தப் பொம்மை மோட்டாரின் அச்சைக் கையால் சுற்றினாலும் போதும், அதுவே மின்னாக்கியாகிவிடும்). எதையும் இணைக்காமல் சுற்றினால் லேசாகச் சுற்றும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் இறுகும். மின்சாரம் சும்மா வருவதில்லை என்பதைக் கை உணர்ந்த பிறகு மூளைக்குப் புரியவைப்பது சுலபம். இதைப் பார்த்த பிறகு, எதுவுமே சுற்றாமல் மின்சாரம் தருகிற பேனலைக் காட்டினால் அது உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று, கிலோவாட்டும் கிலோவாட் மணியும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், செய்தியாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, என்பது 36 லட்சம் ஜூல் என்று எழுதிப்போட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. அதே ஆற்றலில் எவ்வளவு தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றலாம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் சுமார் 3,670 லிட்டர் வரும். சாதாரண ஆள் நிதானமாகப் பெடல் மிதித்தால் 75 முதல் 100 வாட்தான் தருவார், ஆக ஒரு யூனிட்டுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். என் வகுப்பில் இந்தக் கணக்கு முடிந்ததும் ஒரு பெண் எழுந்துபோய் யாரும் இல்லாத பக்கத்து மின்விசிறியை நிறுத்தினாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

காற்றுக்கு வந்தால், வேகம் இரட்டிப்பானால் காற்றிலுள்ள திறன் எட்டு மடங்காகும் என்பதை மட்டும் விடாதீர்கள். எல்லா இடத்திலும் ஏன் காற்றாலை வைக்கவில்லை என்ற கேள்விக்கு அதுவே பதில்.

நிழல்_பிடிப்பவன்:

நான் ஆசிரியர் இல்லை, கூரைகளில் பேனல் மாட்டும் வேலை. பிள்ளைகளுக்கு என்ன, வாடிக்கையாளர்களுக்கே அந்தச் சூட்டு நம்பிக்கை இருக்கிறது. "நல்லா கொளுத்துற வெயில், ஏன் கம்மியா ஓடுது?" என்று கேட்பார்கள். கொளுத்துவதால்தான்! சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் திறனில் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழக்கும். இதை உங்கள் சின்ன பேனலிலேயே காட்டலாம். நிழலில் குளிர்ந்திருக்கும் பேனலை வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே வோல்ட்டைக் குறியுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். 5 வோல்ட் பேனலில் பத்து செல் இருந்து, 30 டிகிரி சூடேறினால் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். அதே வெயில், அதே இடம், சூடானதும் குறைந்துவிட்டது. இதற்குப் பிறகும் சூட்டிலிருந்துதான் கரண்ட் வருகிறது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். (வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் சோலார் ஹீட்டர் வேறு, அது உண்மையிலேயே சூட்டைத்தான் பயன்படுத்துகிறது. குழப்பம் பாதி அங்கிருந்துதான் வருகிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிவிடுங்கள்.)

அடுத்து நிழல். இது எனக்குப் பிடித்த சோதனை. உங்கள் பேனலை உற்றுப் பார்த்தால் செல்கள் கீற்றுக் கீற்றாகத் தெரியும், எல்லாம் தொடரிணைப்பு. ஒரு அட்டைத்துண்டால் ஒரே ஒரு கீற்றை முழுசாக மூடுங்கள். பத்தில் ஒரு பங்குதான் மூடியிருக்கிறோம், மோட்டார் நின்றேவிடும். இப்போது அதே அட்டையைத் திருப்பி, எல்லாக் கீற்றுகளிலும் கொஞ்சம் கொஞ்சம் மூடுகிற மாதிரி வையுங்கள். மோட்டார் பாட்டுக்குச் சுற்றும். மூடிய பரப்பு ஒன்றே, விளைவு வேறு. தொடரில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. பெரிய பேனல்களில் இதைச் சமாளிக்க, நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டயோடு இருக்கும், உங்களிடம் இருக்கும் சின்னதில் பெரும்பாலும் இருக்காது.

முக்கியமான ஒன்று. மின்னோட்டம் அளக்க மீட்டரை ஆம்பியர் நிலைக்கு மாற்றி நேராகப் பேனலின் இரு முனைகளில் வைக்கச் சொல்வீர்கள். சின்ன பேனலை அப்படி ஷார்ட் செய்தால் (நடுவில் தடையே இல்லாமல் இரு முனைகளையும் சேர்த்தால்) ஒன்றும் ஆகாது, அதன் மின்னோட்டத்துக்கு ஒளி போட்ட எல்லை இருக்கிறது. ஆனால் பழகிய கை அதையே பேட்டரியில் செய்யும். லித்தியம் பேட்டரியில் செய்தால் தீப்பிடிக்கலாம், வீட்டு மின்சாரத்தில் செய்தால் உயிர் போகும். இதை முதல் நாளே பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கூரைமேல் இருக்கும் பெரிய பேனல்களின் வயரைத் தொடவே கூடாது. தொடரில் பல நூறு வோல்ட் நேர்திசை மின்சாரம் (டி.சி.) ஓடும், சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

கரும்பலகை_ஓரம்:

அடேயப்பா, நன்றி. அட்டைத்துண்டு சோதனையை இன்றே செய்தேன், கீற்றை மூடியதும் மோட்டார் நின்றது, வகுப்பு மொத்தமும் எழுந்து மேஜையைச் சூழ்ந்துவிட்டது. பின்னாலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, "ராத்திரி என்ன சார் செய்வாங்க?" இரண்டாவது, "இருபது சதவீதம்தான் மின்சாரமாகுதுன்னா மீதி எண்பது வீணா? அப்போ இது உருப்படாத மெஷின்தானே?" இரண்டாவதற்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று மணியடித்ததும் நழுவிவிட்டேன்.

நாள்_பொழுது:

முதல் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், அளக்கவிடுங்கள். ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒரு தடவை, பேனலைத் தட்டையாக ஒரே இடத்தில் வைத்து மின்னோட்டத்தைக் குறிக்கட்டும். காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும் வளைவு வரும். நடுவில் மேகம் வந்தால் ஒரு பள்ளம் விழும், அதையும் அழிக்காமல் வையுங்கள். அந்த வளைவின் கீழுள்ள பரப்புதான் அன்றைய ஆற்றலுக்கு அளவுகோல், உச்சி என்பது திறன் மட்டும். பிறகு தங்கள் வீட்டில் எந்த மணிக்கு எதெல்லாம் ஓடுகிறது என்று எழுதிவரச் சொல்லி, அதே தாளில் இன்னொரு வளைவு வரையட்டும். இரண்டும் பொருந்தாது. பொழுது சாய்ந்ததும் ஒன்று படுத்துவிடும், மற்றது எழுந்து நிற்கும். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்தத் துறையில் இன்று நடக்கும் பெரிய வேலை. பேட்டரி, பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் நீரேற்று நிலையம், காற்றாலை, தொலைதூர மின்கம்பிகள், வேலைகளைப் பகலுக்கு மாற்றுவது என எல்லாவற்றையும் பிள்ளைகளே பாதிக்கு மேல் சொல்லிவிடுவார்கள். பேனல் தன்னுள் மின்சாரத்தைச் சேமிக்கிறது என்ற தவறான எண்ணமும் போய்விடும்.

இரண்டாவது நல்ல கேள்வி, நழுவ வேண்டியதில்லை. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப 1.1 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) தேவை. அதற்குக் குறைவான ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளித்துகள்கள் எலக்ட்ரானைக் கிளப்பாமலே போய்விடும். நீல ஒளி போல அதிகம் வைத்திருப்பவை எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டு மிச்சத்தைச் சூடாக்கிவிடும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஒற்றை அடுக்குச் செல்லுக்கு ஏறத்தாழ 33 சதவீதம்தான் மேல் எல்லை, ஷாக்லி, குவெய்சர் என்ற இரு இயற்பியலாளர்கள் 1961இல் காட்டிய வழியில் வரும் கணக்கு. 1954இல் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் செல் 6 சதவீதம், இன்று கடைப் பேனல் 20ஐத் தாண்டியாயிற்று. ஒன்பதாம் வகுப்புக்கு எலக்ட்ரான் வோல்ட் அதிகம்தான், அந்தச் சொல்லை விட்டுவிட்டு "குறைந்தபட்சக் கட்டணம்" என்று சொல்லுங்கள், போதும்.

உருப்படாத மெஷினா என்றால், மீதி எண்பதுக்கு நாம் எரிபொருள் வாங்கவில்லையே. நிலக்கரியில் வீணாகும் பங்கு தோண்டி, சுமந்து, எரித்து, புகையாகப் போனது. பேனலில் வீணாவது எப்படியும் கூரையைச் சுட்டிருக்கும். ஆனால் ஒரேயடியாகப் புகழ்ந்தும் பேசாதீர்கள். பேனல் செய்யவும் ஆற்றல் செலவாகிறது. இடத்தையும் வகையையும் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் அதைத் திருப்பித் தந்துவிடும், 25 வருடத்துக்கு மேல் உழைக்கும், அதன் பிறகு கண்ணாடியும் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த கழிவு. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் நம்மை நம்புவார்கள், விளம்பரம் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

நேரம் மிச்சமிருந்தால் கடைசி பீரியடுக்கு ஒரு கேள்வி. நிலக்கரியும் ஆதியில் சூரிய ஒளிதானே, பிறகு ஏன் அது புதுப்பிக்கத்தக்கது இல்லை? கூடவே, சூரியனிடமிருந்து வராத ஆற்றல் எவை? அலையேற்றமும் புவிவெப்பமும் வரை யாராவது வந்துசேர்வார்கள். அணுசக்தி என்று ஒரு குரல் வரும், அங்கே சண்டை தொடங்கும், தொடங்கட்டும்.

ஓம்_விதி:

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. மின்னோட்டம் அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு அடுத்த குழு பேட்டரியின் வோல்ட் பார்க்கப் போனால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கூடுதலாக இரண்டு ஃபியூஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் போகும்.