மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்னு இருக்கேன், ஆர்க்கியாலஜி ஆளுங்களுக்கு ஏன் இவ்ளோ கடுப்பு?

நான் இருக்கிறது இங்கிலாந்துல, சஃபோக் பக்கம். பக்கத்து வீட்டுத் தாத்தாகூட நாலஞ்சு ஞாயித்துக்கிழமை அவரோட டிடெக்டரைத் தூக்கிட்டு வயக்காட்டுல சுத்துனேன். கிடைச்சதெல்லாம் கோக் கேன் மூடி, ஈயக்குண்டு, ஒரு விக்டோரியா ராணி பென்னி, ஆனா அந்த பீப் சத்தம் கேட்டதும் மனசு ஒரு துள்ளு துள்ளும் பாருங்க, அதுக்கே அடிமையாயிட்டேன். போன வாரம் ஒரு மியூசியத்துல ஆர்க்கியாலஜிஸ்ட் ஒருத்தங்ககிட்ட ஆசையா இதைச் சொன்னா அந்தம்மா மூஞ்சியே சுண்டிப்போச்சு. நிலத்துக்காரர் பர்மிஷன் குடுத்திருக்கார், நான் என்ன திருடனா? அப்புறம், லீவுக்கு வரும்போது இதை ஊருக்கு எடுத்துட்டு வரலாமா?

குழிவெட்டி:
நான் ரோடு, வீடு கட்டுறதுக்கு முன்னாடி தோண்டிப் பாக்குற வேலைல இருக்கேன். அந்த மூஞ்சி உங்களைப் பாத்து சுண்டலைங்க, அது பழைய கோபம். எண்பதுகள்ல சர்ரேல வான்பரோங்கிற ஊர்ல ரோமர் காலத்துக் கோயில் இடத்தையே டிடெக்டர் வெச்சிருந்த திருடங்க ராத்திரி ராத்திரியா சுரண்டிட்டுப் போனாங்க, ஆயிரக்கணக்குல பழங்காசு போச்சு. எங்களுக்கு அந்தக் காசு முக்கியமில்ல, அது கிடந்த மண்ணுதான்.

உங்க சஃபோக்லயே 1992ல ஹாக்ஸன்ல எரிக் லாஸ்னு ஒருத்தர், விவசாயி தொலைச்ச சுத்தியலைத் தேடப் போனவர், ரோமர் காலத்துக் காசும் வெள்ளிக் கரண்டியுமா வரவும் கொஞ்சம் எடுத்துட்டு நிறுத்திட்டார், ஆர்க்கியாலஜி ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டார். மறுநாள் டீம் போய் தோண்டுனதாலதான் அது மொத்தமும் ஒரு மரப்பெட்டிக்குள்ள, குட்டிப் பெட்டிகளா பிரிச்சு அடுக்கி வெச்சிருந்ததுன்னு தெரிஞ்சுது. மரம் எப்பவோ மக்கிப்போச்சு, மிஞ்சினது சின்ன வெள்ளிப் பூட்டும் மண்ணுல இருந்த அடுக்கும்தான். அவரே வாளியில அள்ளியிருந்தா கிட்டத்தட்ட 15,000 காசும் அப்படியே கிடைச்சிருக்கும், யாரோ அவ்வளவு பொறுமையா கட்டி வெச்சாங்கங்கிறது மட்டும் போயிருக்கும். (சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான்!)

பனங்கொட்டை:
தம்பி, நான் எசெக்ஸ் பக்கம் பதினைஞ்சு வருசமா டிடெக்டிங் செய்யிறன். ராவில களவா வாற நைட்ஹாக் கூட்டத்தையும் எங்களையும் ஒரே சாக்கில கட்டுறது சரியில்லை. 2015ல லெம்ஸ்டர் பக்கம் ரெண்டு பேர் வைக்கிங் காலப் புதையலை ஒளிச்சு வித்தவங்கள், 300 காசளவில இருந்திருக்கும் எண்டினம், வழக்கு நடக்கேக்க திரும்பக் கிடைச்சிருந்தது 31தான், 2019ல மறியலுக்கு (ஜெயிலுக்கு) போனவங்கள். எங்களுக்கும்தான் வயித்தெரிச்சல்.

ஆனா மற்றப் பக்கமும் பாருங்கோ, வருசா வருசம் டிரக்டர் உழேக்க மேல்மண்ணில கிடக்கிறதெல்லாம் நசுங்கித்தான் போகுது. நாங்கள் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது? 2009ல ஸ்டாஃபோர்ட்ஷயரில வந்த ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கப் புதையலையும் டிடெக்டர்காரன்தானே கண்டுபிடிச்சவன். உழவு ஆழத்துக்குக் கீழ சிக்னல் வந்தா மட்டும் கை வைக்காதைங்கோ, போன் அடியுங்கோ. ஒவ்வொரு சாமானையும் தனிக் கவரில போட்டு ஜிபிஎஸ் நம்பரை எழுதி ஃபைன்ட்ஸ் லியாசன் ஆஃபிசரிட்ட (கண்டெடுத்ததைப் பதிவு செய்யிற அதிகாரி) காட்டுங்கோ. புதையல் எண்டா 14 நாளுக்குள்ள கொரோனருக்கு (புதையலை விசாரிக்கிற அதிகாரி) அறிவிக்கோணும்.

நொய்யல்:
ஊருக்கெல்லாம் எடுத்துட்டு வராதீங்க சாமி. இங்க 1878ம் வருஷச் சட்டம் இன்னும் இருக்குது, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்குச் சொல்லணும். கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல சங்ககாலக் காசு, ரோமக் காசுன்னு எத்தனை கிடைச்சு வியாபாரி கைக்குப் போச்சு, ஆத்துல கிடைச்சதுங்கிறதுக்கு மேல அதைப் பத்தி என்னங்க சொல்ல முடியும்?

கேள்வி கேட்டவர்:
நன்றி எல்லாருக்கும். சாயங்காலம் தாத்தா ஷெட்டுக்குப் போய் பாத்தேன், பிஸ்கட் டின் நிறைய காசு, பக்கிள், பட்டன், முப்பது வருஷச் சேர்மானம். எது எந்த வயல்லங்க தாத்தான்னு கேட்டா ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு திரும்ப டின்லயே போட்டுட்டார்.