மூன்றாவது ஆள் எங்கே?

குழு: பாம்பன் பாட்டி வீடு
புதன், 7 ஆகஸ்ட் 2024

பெரியப்பா: நூறு கிராம். வெறும் நூறு கிராம் எடை கூடியதற்காக ஒரு பிள்ளையை ஒலிம்பிக் மல்யுத்தப் பைனலில் இருந்து வெளியே அனுப்புவார்களா? எனக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மண்டபம் அத்தை: ராத்திரியெல்லாம் உடற்பயிற்சி செய்யவிட்டு, முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்களாம் அண்ணன். ஸ்டாஃப் ரூமில் இன்று வினேஷ் போகத் பேச்சுதான்.

துபாய் சித்தப்பா: ஐம்பது கிலோ என்றால் ஐம்பதுதான். விதி தெரிந்துதானே இறங்கினார்கள்.

பெரியப்பா: நீ விதி பேசாதே தம்பி. இங்கே மீன் நிறுக்கும்போது வியாபாரி கழிக்கிற கழிவுக்கு என்ன விதி என்று முதலில் சொல்.

ரூபன் அண்ணன்: சண்டையை நிறுத்திவிட்டு எல்லாரும் ஜியோசினிமாவைத் திறங்கள். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் பைனல். டீம் பர்சூட். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும்.

பெரியப்பா: இந்தியா இருக்கிறதா?

ரூபன் அண்ணன்: இல்லை அப்பா.

பெரியப்பா: அப்புறம் எதற்கு?

மெர்லின்: நான் பார்க்கிறேன் பெரியப்பா. எனக்காகப் பாருங்கள்.

பெரியப்பா: சரி, உனக்காக. ஆனால் ஒன்றும் புரியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

ரூபன் அண்ணன்: ரொம்ப எளிது. ஒரு பக்கம் நாலு பேர், நேர் எதிர்ப்பக்கம் நாலு பேர். ஒரே திசையில் கிளம்புவார்கள். மொத்தம் 4 கிலோமீட்டர். ட்ராக் 250 மீட்டர், ஆக 16 சுற்று. யார் நேரம் குறைவோ அவர்களுக்குத் தங்கம். நடுவில் ஒரு டீம் மற்ற டீமை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால்தான் ‘துரத்தல்’ என்று பெயர்.

மண்டபம் அத்தை: நாலு பேர் நாலு நேரத்தில் வருவார்களே. யாருடைய நேரத்தை எடுப்பார்கள்?

ரூபன் அண்ணன்: அதுதான் கேள்வி அத்தை. மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் நேரம்.

பெரியப்பா: முதல் ஆள் இல்லையா?

ரூபன் அண்ணன்: முதல் ஆள் எவ்வளவு பறந்து வந்தாலும் கணக்கில் வராது.

பெரியப்பா: நாலாவது ஆள்?

ரூபன் அண்ணன்: அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. பல டீம்கள் வேண்டுமென்றே அப்படித் திட்டம் போடும். ஒருவர் தன் பலம் முழுவதையும் நடுவிலேயே செலவழித்துவிட்டு மேலே ஒதுங்கிவிடுவார். மற்ற மூவர் முடிப்பார்கள்.

துபாய் சித்தப்பா: எங்கள் கம்பெனியில் அந்த நாலாவது ஆள் நான்தான்.

மண்டபம் அத்தை: இப்போது முன்னால் போகிறவர் திடீரென்று மேலே ஏறிப் போகிறாரே, களைத்துவிட்டாரா?

ரூபன் அண்ணன்: இல்லை, அது மாற்றம். முன்னால் போகிறவருக்குத்தான் காற்று முழுவதும். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். அதனால் முன்னவர் ஒரு சுற்றோ கொஞ்சம் கூடவோ இழுத்துவிட்டு, திருப்பத்தில் சரிவின் மேல் ஏறுவார். அங்கே வேகம் கொஞ்சம் குறையும், அதற்குள் மற்ற மூவர் அடியில் கடந்துவிடுவார்கள். இவர் கீழே இறங்கி வாலில் ஒட்டிக்கொள்வார். திருப்பத்தில் பலகை கிட்டத்தட்ட 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பெரியப்பா: அட, இது கரைவலை இழுக்கிற கணக்கு. கடைசியில் நிற்கிறவன் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போய்த் திரும்பப் பிடிப்பான். கயிறு நிற்காது, ஆள்தான் மாறிக்கொண்டே இருப்பான்.

ரூபன் அண்ணன்: அதேதான் அப்பா. இங்கே முன்னவன் பின்னால் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெர்லின்: காற்று விஷயம் நிஜம் பெரியப்பா. அரிச்சல்முனைக்கு நாங்கள் நாலு பேர் போவோம் இல்லையா. போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது கச்சான் காற்று முகத்தில் அடிக்கும், மணலும் சேர்ந்து பல்லில் நறநறக்கும். முன்னால் போனால் பெடல் கல் மாதிரி இருக்கும். முன்னால் இருப்பவளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முன்சக்கரத்தை வைத்தால், காது அடைப்பது சட்டென்று நின்றுவிடும். அவளுடைய மட்கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் பார்த்துக்கொண்டே வருவேன்.

அம்மா: ஒரு சாண் தூரமா? கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதானே வருகிறாய்?

மெர்லின்: ஆமாம் அம்மா.

துபாய் சித்தப்பா: மெர்லின், நீ போன வாரம் என்னிடம் சொன்ன பிரேக் இல்லாத சைக்கிள் இதுதானா?

மெர்லின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: எந்தப் பிரேக் இல்லாத சைக்கிள்?

துபாய் சித்தப்பா: ஐயோ. மதினி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரூபன் அண்ணன்: பைனல் ஆரம்பித்துவிட்டது, பைனல் ஆரம்பித்துவிட்டது. சித்தி, அப்புறம் பேசலாம்.

மண்டபம் அத்தை: யார் முன்னால்?

ரூபன் அண்ணன்: இழுபறி. ஆஸ்திரேலியா நேற்றுதான் 3:40.730 என்று உலக சாதனை போட்டது. அது மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்து.

பெரியப்பா: பிரிட்டனில் மூன்று பேர்தான் தெரிகிறார்கள்.

ரூபன் அண்ணன்: ஒருவர் ஒதுங்கிவிட்டார். இனி மூவரும் ஒட்டியே வந்தாக வேண்டும்.

பெரியப்பா: ஏய் ஏய் ஏய்

மண்டபம் அத்தை: என்ன ஆயிற்று? எனக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெட் இல்லை

பெரியப்பா: சீட்டிலிருந்து வழுக்கிவிட்டான்! கடைசிச் சுற்றில்! விழாமல் எப்படியோ பிடித்துவிட்டான், ஆனால் மற்ற இருவரும் போய்விட்டார்கள்.

ரூபன் அண்ணன்: ஈதன் ஹேட்டர். மூன்றாவது ஆள் அவர்தான். முன்னால் போன இருவரும் கோட்டைத் தாண்டினாலும் கடிகாரம் ஹேட்டருக்காகக் காத்திருக்கும். ஆஸ்திரேலியா 3:42.067. பிரிட்டன் 3:44.394.

பெரியப்பா: இப்போது புரிந்துவிட்டது. முதல் இருவர் என்ன நினைத்திருப்பார்கள், திரும்பிப் பார்த்திருப்பார்களா?

ரூபன் அண்ணன்: அந்த வேகத்தில் திரும்பிப் பார்க்க முடியாது. கோட்டைத் தாண்டிய பிறகுதான் தெரியும்.

மண்டபம் அத்தை: பாவம். ஆனால் ஒருவர் வழுக்கியதற்கு நாலு பேருக்கும் வெள்ளியா என்று கேட்டால், நாலு பேர் இழுத்ததால்தானே அந்த வெள்ளியும் வந்தது.

ரூபன் அண்ணன்: அந்த டீமில் சார்லி டான்ஃபீல்டு என்று ஒருவர் இருக்கிறார். அவர் கதையைக் கேளுங்கள். டோக்கியோவில், 2021 ஆகஸ்டில், பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் போட்டி. பிரிட்டனில் ஒருவர் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டார். டான்ஃபீல்டு மூன்றாவது ஆள், முன்னால் போன இருவரிடமிருந்து விடுபட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தார். டென்மார்க் பின்னாலிருந்து எட்டிவிட்டது. அவர்களுடைய முதல் ஆள் மேட்சன் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே வந்து நேராக டான்ஃபீல்டு மேல் இடித்தார். இருவரும் விழுந்தார்கள்.

பெரியப்பா: தீர்ப்பு?

ரூபன் அண்ணன்: டென்மார்க் வென்றதாக.

பெரியப்பா: இடித்தவனுக்கே வெற்றியா? நம்ம ஊர் பஞ்சாயத்து தேவலாம் போலிருக்கிறதே.

ரூபன் அண்ணன்: எட்டிப் பிடித்துவிட்டார்கள் அல்லவா, அதுதான் கணக்கு. இன்னொன்றும் உண்டு. டென்மார்க்குக்குக் காற்றைக் குறைப்பது எப்படி என்று அப்போது யோசனை சொன்ன பொறியாளர்களில் ஒருவர் டான் பிகம். பிரிட்டன்காரர். இன்று பாரிஸில் அதே பிகம், டான்ஃபீல்டோடு ஒரே டீமில் ஓட்டினார்.

துபாய் சித்தப்பா: இதை யாராவது சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

மண்டபம் அத்தை: டோக்கியோவில் கடைசியில் டென்மார்க்தான் ஜெயித்ததா?

ரூபன் அண்ணன்: இல்லை அத்தை, இத்தாலி. டென்மார்க் முன்னால்தான் இருந்தது. கடைசிக் கிலோமீட்டரில் ஃபிலிப்போ கன்னா முன்னால் வந்து இழுத்தார் பாருங்கள், 3:42.032. டென்மார்க் 3:42.198.

பெரியப்பா: அதாவது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. சரி, இப்போது ராத்திரிச் சாப்பாடு இறங்கும்.

அம்மா: எல்லாரும் பேசி முடித்தாயிற்றா? எந்தப் பிரேக் இல்லாத சைக்கிள்?

மெர்லின்: அம்மா, பி.டி. சார் ஒரு செலக்‌ஷனுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். சென்னையில். அடுத்த சனிக்கிழமை. ட்ராக் சைக்கிள்.

அம்மா: என்னிடம் சொல்லாமல்?

மெர்லின்: சொல்லத்தான் இருந்தேன்.

அம்மா: அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வா என்றால், நீ பிரேக் இல்லாமல் சென்னையில் ஓட்டப் போகிறாய்.

ரூபன் அண்ணன்: சித்தி, நான் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். ட்ராக்கில் பிரேக் இருந்தால்தான் ஆபத்து. முன்னால் போகிறவர் பிரேக் பிடித்தால் ஒரு சாண் பின்னால் வருகிறவர் மோதுவார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். யாராலும் திடீரென்று நிற்க முடியாது என்பதே அங்கே பாதுகாப்பு. பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும், ப்ரீவீல் கிடையாது. காலைப் பின்னால் அழுத்தி மெதுவாக வேகத்தைக் குறைப்பார்கள். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் டூரிஸ்ட் கார்களுக்கு நடுவே இவள் தினம் போவதைவிட அது பத்திரம்.

அம்மா: இப்போதுதானே ஒருவன் வழுக்கினான், இன்னொருவன் இடித்தான் என்று கதை சொன்னாய்?

ரூபன் அண்ணன்: ...

பெரியப்பா: மாட்டிக்கொண்டான் என் மகன்.

மண்டபம் அத்தை: எனக்கு நெட் வந்துவிட்டது. பெண்கள் பைனல் ஓடுகிறது. அமெரிக்காவும் நியூசிலாந்தும். யாராவது பார்க்கிறீர்களா?

மெர்லின்: நான் பார்க்கிறேன் அத்தை. பெண்களுக்கும் இப்போது நாலு பேர், 4 கிலோமீட்டர். லண்டன் 2012இல் மூன்று பேர், 3 கிலோமீட்டர்தான். ரியோவில் மாற்றினார்கள்.

மண்டபம் அத்தை: நல்லதுதான். ஆண்களுக்கு 1908இலேயே ஒலிம்பிக்கில் வைத்துவிட்டு நமக்கு நூறு வருடம் கழித்துக் கொடுத்தார்கள்.

மெர்லின்: அமெரிக்கா! 4:04.306! நியூசிலாந்து 4:04.927. டீம் பர்சூட்டில் அமெரிக்கப் பெண்களுக்கு இதுதான் முதல் தங்கம்.

ரூபன் அண்ணன்: அதில் கிறிஸ்டன் ஃபாக்னர் என்று ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ரோடு ரேஸிலும் தங்கம் அவருக்குத்தான். சித்தி, அவர் ஊர் அலாஸ்காவில் ஹோமர். மீன்பிடி ஊர். கல்லூரியில் துடுப்புப் படகு ஓட்டியவர், சைக்கிளுக்கு 2017 வாக்கில்தான் வந்தார்.

பெரியப்பா: கடல்கரைப் பிள்ளையா! அங்கே என்ன மீன்?

ரூபன் அண்ணன்: ஹாலிபட் அப்பா. தட்டை மீன், ஆள் உயரத்துக்கும் வளருமாம்.

பெரியப்பா: நம்ம திருக்கை இருக்கும்போது அது பெரிதில்லை.

துபாய் சித்தப்பா: நம் நாட்டில் இதற்கெல்லாம் ஆள் உண்டா?

ரூபன் அண்ணன்: உண்டு. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் டீம் பர்சூட்டில் இந்தியாவுக்கு வெள்ளி. அப்புறம் நீண்ட இடைவெளி. சமீபத்தில் வேகப் போட்டிகளில் வந்திருக்கிறார்கள். 2019 ஜூனியர் உலகப் போட்டியில் டீம் ஸ்பிரிண்ட் தங்கமே வாங்கினார்கள், அதில் எசோ அல்பன் அந்தமான் நிக்கோபார் பையன். டெபோரா ஹெரால்டும் அந்தப் பக்கம்தான். 2004 சுனாமியில் ஒன்பது வயதில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர்.

பெரியப்பா: ம்ம். அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு மறக்கும்.

அம்மா: மெர்லின், சார் உன்னை மட்டுமா சொன்னார்?

மெர்லின்: நாலு பேரையும். அரிச்சல்முனையிலிருந்து திரும்பும்போது சார் சாவடியில் நின்று நேரம் பார்ப்பார். மூன்றாவதாக வருகிறவளின் நேரத்தைத்தான் நோட்டில் எழுதுவார். முதலில் எங்களுக்குக் கோபம். இப்போது முன்னால் போகிறவள் தானாகவே மெதுவாக்கிப் பின்னால் கேட்பாள், மூன்றாவது ஆள் எங்கே என்று.

அம்மா: மூன்றாவது யார்?

மெர்லின்: பெரும்பாலும் நான்தான் அம்மா.

துபாய் சித்தப்பா: கணக்கு உன் பெயரில்தான் என்று சொல்.

மண்டபம் அத்தை: சென்னையில் எங்கே? மேலக்கோட்டையூரா? விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் வெலோட்ரோம், அதாவது சைக்கிள் ட்ராக், இருக்கிறது. இந்த ஜனவரியில் கேலோ இந்தியா சைக்கிள் போட்டி அங்கேதான் நடந்தது, எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள்.

மெர்லின்: அங்கேதான் அத்தை.

வியாழன், 8 ஆகஸ்ட் 2024

அம்மா: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போவதாக இருந்தால் கூட யார் போவது? இவள் அப்பா திரும்ப நாளாகும்.

பெரியப்பா: நான் போகிறேன்.

மண்டபம் அத்தை: அண்ணன், உங்களுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரி. மறந்துவிட்டீர்களா?

பெரியப்பா: கண்ணை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா: வேண்டாம் அத்தான், கண்ணை முதலில் பாருங்கள். மற்ற மூன்று பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் மெர்லின்?

மெர்லின்: இரண்டு பேர் வீட்டில் சரி. ஒருத்தி வீட்டில் உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்களாம்.

அம்மா: என்னையா?

மண்டபம் அத்தை: நான் வருகிறேன். சனிக்கிழமை எனக்கு லீவுதான். பாலத்தில் ரயில் இன்னும் ஓடவில்லை, பிள்ளைகளைப் பஸ்ஸில் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள், வெள்ளி சாயங்காலம் நான் ஏற்றிக் கூட்டிப் போகிறேன். ரூபன், காலையில் தாம்பரத்தில் வந்து நில்.

ரூபன் அண்ணன்: நிற்கிறேன் அத்தை. ஐந்து பேருக்கு ஒரு வண்டி போதுமா?

அம்மா: ஆறு பேர். நானும் வருகிறேன். அந்தச் சைக்கிளை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.