45 இறாத்தல் வில்லுக்கு 650 கிரெய்ன் அம்பா, 450 போதுமா?

பதுளைத் தம்பி:
அண்ணன்மாரே, தை மாதம் குயின்ஸ்லாந்தில் இருக்கும் மச்சானிடம் போகிறேன். அங்கே காட்டுப்பன்றிக்கு வில்லோடு போகலாமாம். இங்கே எனக்கு வேட்டை கிடையாது, தோட்டத்து மைதானத்தில் கொழுந்துச் சாக்கை அடைத்துக் கட்டிய இலக்குதான். நாணை இழுக்க 45 இறாத்தல் பலம் வேண்டிய நெடுவில், கப்பி, குறிகாட்டி எதுவும் இல்லை. எய்வது 450 கிரெய்ன் அம்பு, அதாவது சுமார் 29 கிராம். மச்சான் 650 என்கிறார். மாறவா?

கொத்மலை மூங்கில்:
மாறு தம்பி. தென்னாப்பிரிக்காவில், வேட்டை அம்புகளை ஆராய்ந்த எட் ஆஷ்பி செத்த விலங்குகளைத் திறந்து பார்த்துப் பார்த்துச் சொன்னது அது. கனமான எலும்பில் பட்டால் 650க்கு மேலே உள்ள அம்புதான் உடைத்துக்கொண்டு போகிறது. ஆண்பன்றியின் தோளில் தோல் கேடயம் மாதிரித் தடித்திருக்கும். அதோடு கனமான அம்பு வில்லின் பலத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், நாண் சத்தமும் குறையும்.

ஹப்புத்தளைக் காற்று:
அம்பு ஆழமாகப் பாய எது முக்கியம் என்ற ஆஷ்பியின் வரிசையில் எடை முதலில் இல்லையே அண்ணே, அம்பு முறியாமல் இருப்பதும் கோணாமல் பறப்பதும்தானே முதலில்? 450 அம்பு நொடிக்கு 165 அடி, 650 அம்பு 140 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 20 யாரில், அதாவது 60 அடியில், முதலாவது 25 அங்குலம் இறங்கும், மற்றது 35. முப்பது யாரில் வித்தியாசம் 22 அங்குலம். பன்றியின் இதயமோ முன்னங்கால்களுக்கு நடுவே, மிகத் தாழ்வாக இருக்கிறது, கொஞ்சம் இறங்கினாலும் அம்பு மண்ணில்தான்.

கொத்மலை மூங்கில்:
இறக்கம் பழகிவிடும். தூரத்தைத் தவறாக மதிப்பதுதான் ஆபத்து. உன் கணக்கையே எடு, 25 யாரை 20 என்று நினைத்து எய்தால் 450 அம்பு எட்டு அங்குலம் கீழே போகும், 650 அம்பு பதினொன்று. இரண்டுமே தவறிய அம்புதான். ஆனால் பட்டால், கனமானதில் உந்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹப்புத்தளைக் காற்று:
எட்டு அங்குலமும் தவறு என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் 15 யாருக்கு மேல் எய்யாதே என்றுதான் தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம் கண் சரிவில் பழகிய கண். 30 பாகைச் சரிவில் 20 யார் என்றால் மட்டத்தில் 17தான், அம்பு இறங்குவது அந்த 17க்குத்தான். சமதரையில் நம் கண் ஏமாறும். அங்கே போய் ஒரு வாரமாவது வெறும் தூரத்தை மதித்துப் பழகு.

லிந்துலை அக்கா:
இரண்டு பேரும் அம்பின் தண்டை மறந்துவிட்டீர்கள். முனையில் 200 கிரெய்ன் கூட்டினால் அதே தண்டு நாண் விடும்போது அதிகமாக வளையும், வால் பக்கவாட்டில் அடிக்கும், அப்படிக் கோணலாகப் போய்ப் படுகிற 650 அம்பு நேராகப் போகும் 450ஐ விட மோசம். விறைப்பான தண்டு வாங்கு. இறகில்லாத அம்பையும் இறகுள்ளதையும் மாற்றி மாற்றி எய்து பார். நீ வலக்கைக்காரன் என்றால், இறகில்லாதது வலப்பக்கம் போய்க் குத்தினால் தண்டுக்கு இன்னும் விறைப்புப் போதாது. மூடுபனியில் செய்யாதே, இறகு நனைந்தால் படுத்துவிடும், எது தவறு என்று தெரியாமல் போகும்.

பதுளைத் தம்பி:
சரி அக்கா. விறைப்பான தண்டு மூன்று எடுத்து முதலில் 550க்குக் கட்டுகிறேன், 15 யாரில் மட்டும். இறகில்லாமல் எய்து எங்கே குத்துகிறது என்று படம் போடுகிறேன்.

கொத்மலை மூங்கில்:
550 நல்ல தொடக்கம். முனையைக் கூர் தீட்டிவிட்டுப் போ தம்பி, மழுங்கிய முனைக்கு எந்த எடையும் உதவாது.