வெல்லாவெளி மில்லில் ரவுட்டர் உறைந்துபோகிறது, டவுனில் இருந்தே கரண்டை வெட்டிப் போட வழி இருக்கிறதா?

வாவிக்கரைப்_பொடியன்:

அப்பாவின் அரிசி மில் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறது. நான் வேலை செய்வது மட்டக்களப்பு டவுனில். பெரும்போக நெல் வந்து மூட்டை அடுக்கிவிட்டால் இரவு முழுக்க யானைப் பயம்தான், நெல் வாசத்துக்குச் சுவரையே தள்ளிவிட்டு உள்ளே வரும், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் நாலு கமராவும் ஒரு ரெக்கோடரும் பூட்டி, 4ஜி ரவுட்டர் ஒன்றில் இணைத்து, பின்பக்க வேலியில் ஏதாவது அசைந்தால் என் போனுக்கும் வாச்சர் ஐயாவின் போனுக்கும் செய்தி வருகிற மாதிரிச் செய்து வைத்தேன்.

ஆனால் ரவுட்டர் கிழமைக்கு மூன்று தடவையாவது உறைந்துவிடுகிறது. லைட்டெல்லாம் எரியும், நெட் மட்டும் இருக்காது. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் சரியாகிவிடும். பகலில் அப்பா செய்வார். இரவில் அந்த அறை பூட்டுத்தான், வாச்சர் ஐயா வெளியே கொட்டிலில் இருப்பார்.

ஒரு வைஃபை பிளக் வாங்கிப் பூட்டினேன். டவுனில் இருந்து போனில் ஓஃப் செய்து பார்த்தேன், ரவுட்டர் நின்றது. அதோடு பிளக்கின் வைஃபையும் போய்விட்டது, திரும்ப ஓன் செய்ய வழியே இல்லை. களுவாஞ்சிகுடி வரை வந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி உள்ளே போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், விடியும்வரை மில்லுக்குக் கண்ணே இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

மண்டூர்_வயல்காரன்:

தம்பி, கடையில் 24 மணித்தியால டைமர் பிளக் ஒன்று கிடைக்கும், சுற்றிவர சின்னச் சின்னப் பல் இருக்கும், ஒரு பல்லுக்கு 15 நிமிடம். விடியச்சாமம் 3 மணிக்கான ஒரு பல்லை மட்டும் ஓஃப் பக்கம் வைத்து விடுங்கள், தினமும் தானே நின்று தானே வரும். இன்டர்நெட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் மாட்டுக் கொட்டில் லைட்டுக்கு அதைத்தான் பாவிக்கிறேன்.

கல்முனை_கமரா_வேலை:

மேலே சொன்னது சின்ன வழிதான், வேலை செய்யும், ஆனால் அந்தப் பல் டைமருக்குள் இருப்பது ஒரு மோட்டார், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாவிட்டால் மறுநாள் உங்கள் 3 மணி 5 மணியாகிவிடும். உள்ளே பெட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் என்றால் நேரம் பிசகாது. இன்னொன்று, யானை வருவதே இரவில் என்னும்போது இரவில் ஏன் நிறுத்த வேண்டும்? பகல் 12 மணிக்கு வையுங்கள், அப்பா பக்கத்தில் இருப்பார்.

சரி, இதெல்லாம் பிறகு. கிழமைக்கு மூன்று தடவை உறைகிற ரவுட்டருக்கு முதலில் வருத்தம் என்னவென்று பார்க்க வேணும் தம்பி. நான் கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் கமரா பூட்டுகிறேன், இப்படிச் சொல்லிக் கூப்பிடுகிற இடங்களில் பாதிக்கு மேல் கோளாறு அடப்டரில்தான் இருக்கும். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட் எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கும், அதை வாசியுங்கள். அடப்டரிலும் வாசியுங்கள். இரண்டும் ஒன்றா? அப்புறம் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் அளவுங்கள், வெறும் அடப்டரை அளந்தால் எல்லா அடப்டரும் 12 காட்டும், சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். 11.5க்குக் கீழே என்றால் தூக்கிப் போடுங்கள். மில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல்ப் மங்குகிறதா என்றும் பாருங்கள். கரண்ட் ஒரேயடியாகப் போனால் ரவுட்டர் நின்று சுத்தமாக எழும்பும், அரைகுறையாகக் குறைந்தால்தான் நிற்கவும் மாட்டாமல் ஓடவும் மாட்டாமல் உறைந்து நிற்கும்.

அக்கரைப்பற்று_நெட்வேர்க்:

கல்முனைக்காரர் சொன்னதைச் செய்துவிட்டு இதை வாசியுங்கள், கொஞ்சம் நீளம்.

நீங்கள் வாங்கிய பிளக்கில் பிழை இல்லை, அதை வைத்த இடம்தான் பிழை. எதை நிறுத்தப் போகிறோமோ அதையே நம்பிக் கட்டளை அனுப்பக் கூடாது. ஓஃப் என்ற கட்டளையே இருக்கக் கூடாது, "வெட்டி 20 செக்கனில் நீயே போடு" என்ற ஒரே கட்டளைதான் இருக்க வேண்டும், அந்த 20 செக்கனை எண்ணுவது அங்கே மில்லில் இருக்கிற சாமானாக இருக்க வேண்டும். பிளக்கில் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்ற முடிந்தால் பவர்ஆன்ஸ்டேட் 5, பல்ஸ்டைம் 120 என்று இரண்டு வரி போதும், ஓஃப் ஆனால் 20 செக்கனில் தானே ஓன் ஆகிவிடும் (அதில் 111க்கு மேல் உள்ள எண்ணில் 100ஐக் கழித்தால் வருவது செக்கன்). ஆனால் புதிதாக வருகிற மலிவுப் பிளக்குகள் பலவற்றில் சிப் வேறு, டாஸ்மோட்டா ஏறாது, முதலில் திறந்து பாருங்கள்.

நான் இதைவிட இன்னொன்றைச் சொல்வேன். 230 வோல்ட்டில் கை வைக்கவே வேண்டாம். அடப்டரில் இருந்து ரவுட்டருக்குப் போகிற 12 வோல்ட் வயரின் பிளஸ்ஸை வெட்டி நடுவில் ஒரு ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிட்ச்) வையுங்கள், கடையில் கிடைக்கிற அந்த நீல ரிலே 30 வோல்ட் டிசியில் 10 ஆம்ப் தாங்கும், ரவுட்டர் 2 ஆம்ப் கூட எடுக்காது. வயரை என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) பக்கம் கொடுக்காமல் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது) பக்கம் கொடுங்கள். இது முக்கியம். என்சியில் கொடுத்தால் ரிலேக்குக் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் ரவுட்டர் ஓடும், வெட்ட வேண்டிய 20 செக்கன் மட்டும்தான் ரிலே இழுக்கும். ரிலேயை இயக்குகிற சர்க்யூட் போர்ட் பழுதானாலும், பல்லி உள்ளே போய்ச் செத்தாலும், உங்கள் ரவுட்டருக்கு ஒன்றும் ஆகாது.

ரிலேயை யார் இழுப்பது? ஒரு இஎஸ்பி8266 போர்ட், வைஃபை உள்ள, கோட் எழுதி ஏற்றக்கூடிய சின்னச் சர்க்யூட். அது நிமிடத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்டில் உள்ள 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு முகவரிக்கும் பிங் (இருக்கிறாயா என்று கேட்கிற சின்னச் செய்தி) அனுப்பட்டும். ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டுமே தொடர்ந்து 5 தடவை பதில் தராவிட்டால் வெட்டிப் போடட்டும், வைஃபையே கிடைக்காவிட்டாலும் அதே கணக்கு. மறுகா அது 5 நிமிடம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும், 4ஜி ரவுட்டர் எழும்பி டவரைப் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்குள் திரும்ப வெட்டினால் அது ஒருநாளும் எழும்பாது. அப்படியும் வராவிட்டால் அடுத்தது 15 நிமிடம் கழித்து, அப்புறம் 30, அப்புறம் மணிக்கு ஒன்று. மாரி மழையில் டவரே விழுந்து கிடக்கிற இரவில் நிமிடத்துக்கு நிமிடம் வெட்டிக் கொண்டிருந்தால் நல்ல ரவுட்டரும் நாசம். கோட் எழுதப் பஞ்சி என்றால் ஷெல்லி கம்பனியின் பிளஸ் வைஃபை ரிலே ஒன்று பாருங்கள், ரவுட்டரைக் கவனித்து வெட்டிப் போடும் மாதிரி ஸ்கிரிப்டை அவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

ரெக்கோடரை மட்டும் இந்த ரிலேயில் சேர்த்துவிடாதீர்கள், எழுதிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்க்கை இப்படி வெட்டினால் ஒரு நாள் பதிவெல்லாம் போகும்.

வாவிக்கரைப்_பொடியன்:

நன்றி அண்ணன், என்சி பக்கம் கொடுப்பது என் மண்டையில் ஏறவே இல்லை, இப்போது விளங்குகிறது. இரண்டு கேள்வி. கரண்ட் போகும்போது ஓட ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்திருக்கிறேன், அதை எங்கே பூட்டுவது? மற்றது, நானே விரும்பிய நேரம் வெட்டிப் போடவும் ஆசை. ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்ட் (வெளியில் இருந்து வர வழி திறப்பது) செய்து பார்த்தேன், வெளியில் இருந்து உள்ளே போகவே முடியவில்லை.

அக்கரைப்பற்று_நெட்வேர்க்:

நல்ல வேளை யூபிஎஸ்ஸைச் சொன்னீர்கள். அது இருக்கும்போது சுவர்ப் பிளக்கை எத்தனை தடவை வெட்டினாலும் ரவுட்டர் பெட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வெட்டினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே அடப்டர், யூபிஎஸ், ரிலே, ரவுட்டர் என்ற வரிசை. இஎஸ்பிக்கான 5 வோல்ட்டை யூபிஎஸ்ஸில் இருந்தே, ரிலேக்கு முன்னால் எடுங்கள்.

4ஜி சிம்களுக்குப் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது, ஆயிரம் பேர் ஒன்றின் பின்னால் இருப்பார்கள், அதனால் ஃபோர்வர்ட் வேலை செய்யாது. செய்தாலும் வேண்டாம், ரிலேயை இயக்குகிற வெப் பக்கத்தை இன்டர்நெட்டில் திறந்து வைப்பது வாசல் கதவைத் திறந்து வைப்பதுதான். இஎஸ்பி போர்ட்டே வெளியே போய் டெலிகிராம் பொட் (தானியங்கிக் கணக்கு) ஒன்றில் செய்தி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும், உங்கள் டெலிகிராம் ஐடியில் இருந்து வந்ததை மட்டும் ஏற்கட்டும்.

கல்முனை_கமரா_வேலை:

நெட் செத்த நேரம் டெலிகிராமும் செத்துத்தானே இருக்கும். அதற்குத்தான் கேட் திறக்கப் பாவிக்கிற ஜிஎஸ்எம் ரிலே. அதற்குள் ஒரு தனிச் சிம், நீங்கள் பதிந்து வைத்த எண்ணில் இருந்து கோல் எடுத்தால் அது பதில் சொல்லாமலே ரிலேயை இழுத்து விடும், கோலுக்குக் காசும் போகாது. அந்தச் சிம்முக்கு நேரத்துக்கு ரீலோட் போட மறக்க வேண்டாம், ஒரு வருடம் தொடாமல் விட்டுவிட்டு அவசரத்துக்கு அடித்தால் சிம் வெட்டுப்பட்டிருக்கும். ரவுட்டரில் உள்ள கம்பனியை விட்டு வேறு கம்பனிச் சிம் போடுங்கள்.

வாவிக்கரைப்_பொடியன்:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். கல்முனை நானா சொன்னதுதான் சரி. ரவுட்டரில் 2 ஆம்ப் என்று இருந்தது, அடப்டரில் 1 ஆம்ப். ஐப்பசி மின்னலில் பழையது எரிந்தபோது அப்பா ஒரு கமராவின் மேலதிக அடப்டரைப் பூட்டியிருக்கிறார். அளந்தேன், 10.9. புதிதாக 2 ஆம்ப் ஒன்று பூட்டியதும் 12.1.

அதற்குப் பிறகுதான் ரிலே வேலை செய்தேன், என்சி பக்கம், யூபிஎஸ்ஸுக்குப் பின்னால், 20 செக்கன். ஒவ்வொரு வெட்டையும் நேரத்தோடு பதிந்துவைத்து, நெட் வந்ததும் எனக்கு அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். இந்த மூன்று கிழமையில் இரண்டே இரண்டு இரவுதான் வெட்டு. ஒன்று டவர் போன இரவு, 5, 15, 30 என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்து விடியச்சாமம் 4 மணிக்கு வந்திருக்கிறது. மற்றது போன வியாழன் இரவு 11.40க்கு உண்மையாகவே உறைந்தது, 11.49க்கு நெட் திரும்பிவிட்டது. 12.20க்குப் பின்வேலிக் கமராவில் ஒற்றைக் கொம்பன் நிற்கிற படம் போனுக்கு வந்தது, வாச்சர் ஐயா யானை வெடி போட்டுத் திருப்பிவிட்டார். சுவர் அப்படியே இருக்கிறது, ஒரு மூட்டையும் போகவில்லை.

ஜிஎஸ்எம் ரிலே இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமை கல்முனைக்கு வருகிறேன் நானா, எந்த மாதிரி வாங்க வேண்டும் என்று சொன்னால் அதையே எடுக்கிறேன்.